பெரியவர்களைத் தனியாக விடலாமா, துணை வேண்டுமா? சேலத்துச் சொந்தங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. அம்மாப்பேட்டை வீட்டில் அப்பாவைக் கடைசி ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். இப்போது அதே வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், நான் அஸ்தம்பட்டியிலிருந்து போய்வருகிறேன். நடுவில் ஏற்காட்டு அத்தைக்காக மலை ஏறி இறங்கியதும் உண்டு. இதனாலேயே சொந்தத்தில் யார் வீட்டுப் பெரியவருக்கு என்ன என்றாலும் போன் எனக்குத்தான் வரும், பெங்களூரிலிருந்து, துபாயிலிருந்து, இரண்டு தெரு தள்ளியிருந்தும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

வயசானால் எல்லாருமே கொஞ்சம் தளரத்தானே செய்வார்கள்? இதில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது?

வயதை விடுங்கள். 82 வயதில் உழவர் சந்தைக்கு விடியற்காலையே போய் பேரம் பேசிவிட்டு வருகிறவரும் இருக்கிறார், 66 வயதில் வாசல்படி தாண்டாதவரும் இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. போன வருடம் இதே மாதம் இவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார், அதில் இப்போது எதை விட்டுவிட்டார் என்று மட்டும் பாருங்கள்.

எங்கம்மா தினமும் வாசலில் பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர். மார்கழி என்றால் தெருவே நின்று பார்க்கும். ஒரு கட்டத்தில் அது ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரமாகச் சுருங்கியது, அப்புறம் ஒருநாள் பார்த்தால் ஸ்டிக்கர் கோலம். கேட்டதற்கு, "வண்டி போற தெரு, போட்டதும் அழிஞ்சிடுது, எதுக்கு வீணா?" என்றார். நியாயமாகத்தான் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் உண்மை வந்தது, குனிந்து நிமிர்ந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதாம். டாக்டர் படுக்கவைத்து ஒரு தடவையும், எழுந்து நின்ற பிறகு ஒரு தடவையும் பிபி பார்த்தார், மேல் அளவு 20க்கு மேல் இறங்கியது. மாத்திரையின் அளவை மாற்றினார்கள். இப்போது மறுபடி கோலம் வருகிறது, ஏழு புள்ளியோடு நிற்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. பணக்கணக்கு, மாத்திரை, சமையல், தனியாக பஸ் ஏறி ஓரிடம் போய்வருவது, இந்த மாதிரி மூளையும் உடம்பும் சேர்ந்து ஓடவேண்டிய வேலைகள்தான் பொதுவாக முதலில் நழுவும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாம் கடைசியில்தான். நாம் பதறுவது குளிக்க மறுக்கிறார் என்று தெரிந்த பிறகு. அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே கரண்ட் பில் கட்டாமல் பீஸைப் பிடுங்கிவிட்டுப் போயிருப்பார்கள், அப்போது சிரித்துவிட்டு விட்டிருப்போம்.

நான் வெளியூர். இரண்டு நாள் லீவில் வந்தால் என்ன பார்ப்பது?

அவரைப் பார்க்காதீர்கள், வீட்டைப் பாருங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றால் தலை சீவி, நல்ல புடவை கட்டி, உங்களுக்குப் பிடித்த குழம்பும் வைத்துவிடுவார், ஆனால் ஆறு மாத வீட்டை ஒரே நாளில் சரி செய்ய முடியாது.

சுவரில் தினசரி காலண்டர் எந்தத் தேதியில் நிற்கிறது? தினமும் விளக்கேற்றிவிட்டுத் தாளைக் கிழிக்கிற பழக்கமுள்ளவர் வீட்டில் ஒன்பது நாள் பின்தங்கியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரே பால் பாக்கெட் நான்கு, மூன்று புளித்துப்போனவை. பால் காய்ச்சும் பாத்திரத்தின் அடி கரிந்து கரிந்து கறுத்திருப்பது. கேஸ் சிலிண்டர் எவ்வளவு நாள் வருகிறது என்று புத்தகத்திலோ போன் மெசேஜிலோ பாருங்கள், நான் அதிகம் நம்புவது இதைத்தான். தனி ஆளுக்கு மூன்று மாதம் வந்துகொண்டிருந்த சிலிண்டர் ஐந்து மாதம் வந்தால், சமையல் நின்று பன்னும் டீயுமாக ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்றரை மாதத்தில் தீர்ந்தால் அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம் சுருக்குப் பை, இல்லை மணிபர்ஸ். சில்லறை சேர்ந்துகொண்டே போகிறதா? மீதிக் கணக்குப் போட வராதபோது எதற்கும் 500 ரூபாய்த் தாளாக நீட்டிவிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவரோடு மளிகைக் கடை வரை சும்மா நடந்து போய்விட்டு வாருங்கள். கடைக்காரருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

போனில் நன்றாகத்தானே பேசுகிறார்?

பேசுவார். "சாப்பிட்டாச்சா", "ஆச்சு", "மழை பெஞ்சுதா", "லேசா" என்பதெல்லாம் நாற்பது வருடப் பழக்கத்தில் தானாக வருகிற பதில். இன்றைக்கு என்ன குழம்பு, காய் யார் வாங்கிவந்தார்கள், நேற்று யார் வந்தார்கள் என்று இன்றைய விஷயமாகக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு, நீ எப்படி இருக்க?" என்று ஒவ்வொரு தடவையும் பேச்சு உங்கள் பக்கமே திரும்பினால் காது கேட்கவில்லை, இல்லையென்றால் நினைவில்லை. காது மந்தமானவரை மறதிக்காரர் என்று முடிவுகட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. முதலில் காதைக் காட்டுங்கள், உள்ளே குறும்பி அடைத்துக் கிடந்து, அதை எடுத்ததும் சரியானவர்களை நானே இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு மறதி இருந்தால் கவலைப்படணும்?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் உள்ளது. கண்ணாடியை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, வேலைக்காரி எடுத்துவிட்டாள் என்று சண்டை போடுவது வேறு. தெரிந்தவர் பெயர் சட்டென்று வராமல் ராத்திரி நினைவுக்கு வருவது சகஜம். சொன்னதையே பத்து நிமிடத்தில் மூன்றாவது தடவை முதல் தடவை மாதிரியே சொல்வதும், முப்பது வருடம் போய்வந்த செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் எந்தப் பக்கம் திரும்புவதென்று நிற்பதும், ரசத்துக்கு என்னென்ன போடுவதென்று தடுமாறுவதும் சகஜமில்லை.

ஆனால் உடனே அல்சைமர் என்று கூகுளைத் திறந்து உட்காராதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, ஜலதோஷத்துக்கு நாமே வாங்கிக் கொடுக்கும் சில மாத்திரைகள், எல்லாமே மறதியாக வெளிப்படும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் சுகருக்காக மெட்பார்மின் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கும் பி12 குறைவது அதிகம்.

நேற்று வரை நன்றாக இருந்தார், இன்று திடீரென்று உளறுகிறார். இதுதான் ஆரம்பமா?

இல்லை. மறதி நோய் இரண்டு நாளில் வராது. இரண்டு நாளில் வந்த குழப்பம் உடம்புக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். பெரியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் வெறும் குழப்பமாகவே வரலாம். உப்புச்சத்து, அதாவது சோடியம், குறைந்தாலும் இதேதான். நீர் பிரிய மாத்திரை போடுகிறவர், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு ஆனவர், பிபிக்காக உப்பே சேர்க்காமல் கஞ்சியாகக் குடிக்கிறவர், இவர்களுக்கெல்லாம் நடக்கும். சித்திரை வெயிலில் சேலத்தில் இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பேய் பிடித்தது, புத்தி மாறிவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் இரண்டு நாளை வீணாக்குகிறார்கள். மந்திரிப்பதானால் மந்திரியுங்கள், ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட்டுக்குக் கொடுத்த பிறகு.

மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறார். சரியாகப் போடுகிறாரா என்று எப்படித் தெரியும்?

எண்ணுங்கள். ஒன்றாம் தேதி 30 வாங்கினால் பதினைந்தாம் தேதி ராத்திரி 15 மிச்சம் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் மறக்கிறார், குறைந்திருந்தால் போட்டதை மறந்து இன்னொன்று போடுகிறார், இரண்டாவதுதான் ஆபத்து. வீட்டில் இருக்கிற அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டர் எழுதி, இவர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பது அதிசயமே இல்லை.

சுகர் மாத்திரையில் கிளிமிபிரைடு மாதிரி சில வகை உண்டு, அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், ஏதேதோ பேசுவார். பசியில்லை என்று ராத்திரி சாப்பாட்டை விடுகிற பெரியவர் வீட்டில் இதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள்.

பிபி, சுகருக்கு மாத்திரை வாங்கப் போகவே முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, வீட்டுக்கே வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாத்ரூமில் விழுந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை என்கிறார். விட்டுவிடலாமா?

இதை நான் விட்டேன். அப்பா பாத்ரூமில் வழுக்கித் துவைக்கிற கல்லில் தலையை இடித்துக்கொண்டார். ரத்தம் வரவில்லை, வீக்கம்கூட மறுநாள் வடிந்துவிட்டது, "கல்லுக்குத்தான் வலிச்சிருக்கும்" என்று சிரித்தார். அவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், அதை நான் யோசிக்கவே இல்லை. கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து அவருடைய இடது கால் ரப்பர் செருப்பு அடிக்கடி பின்னால் தங்கிவிட ஆரம்பித்தது. நாலு எட்டு வைப்பார், செருப்பு திண்ணையிலேயே கிடக்கும், அவருக்குத் தெரியாது. பகலெல்லாம் தூக்கம் வேறு. செருப்பு பழசாகிவிட்டது என்று நான் புதுச் செருப்பு வாங்கிவந்தேன். அதுவும் கழன்றது. ஸ்கேன் எடுத்தால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் தேங்கியிருந்தது. துளை போட்டு எடுத்தார்கள், ஒரு வாரத்தில் செருப்பு காலிலேயே நின்றது.

அதனால் தலையில் அடிபட்டவருக்கு, அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவருக்கு, அன்றே டாக்டரைப் பாருங்கள், அதற்கப்புறமும் ஒன்றிரண்டு மாதம் கண்ணில் வையுங்கள். நடையில், பேச்சில், தூக்கத்தில் மாற்றம் வந்தால் விழுந்த கதையை டாக்டரிடம் நீங்களே ஞாபகமாகச் சொல்ல வேண்டும், அவர் சொல்ல மாட்டார்.

விழாதவருக்கும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கம்போல் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள், போனில் நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழ வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. அவர் நடக்கும்போது கை எதைத் தேடுகிறது என்றும் பாருங்கள். சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரே கோடாக அழுக்குப் பட்டிருக்கும் வீடுகள் உண்டு, சுவரைப் பிடித்தே நடக்கிறார் என்று பொருள். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, ராத்திரி ஒரு சின்ன விளக்கு, வாசல்படி மிதியடியைத் தூக்கிப் போடுவது, இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

சரியாகச் சாப்பிடுவதில்லை. வயசானால் பசி குறையும்தானே?

கொஞ்சம் குறையும். ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் உடம்பு எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ இருந்தவர் 3 கிலோ, தானாக இறங்கினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எடை மெஷின் இல்லாவிட்டால் ரவிக்கை, மோதிரம், பல்செட் சொல்லும். என் பெரியம்மாவுக்குச் சாயங்காலமானால் தட்டுவடை செட் இல்லாமல் முடியாது. திடீரென்று "எண்ணெய்ப் பண்டம் ஆகல" என்று விட்டுவிட்டார். எண்ணெய் ஒன்றும் காரணமில்லை, எடை இறங்கி ஈறு சுருங்கிப் பல்செட் ஆட ஆரம்பித்துவிட்டது, கடித்தால் வலி. அதனால் கரைத்த ரசம் சோறு மட்டும், அதனால் இன்னும் எடை குறைவு. புதுப் பல்செட் கட்டியதும் தட்டுவடையும் திரும்பியது.

அப்பா போனதிலிருந்து அம்மா எதிலும் ஒட்டாமல் இருக்கிறார். இது துக்கமா, வேறெதாவதா?

துக்கத்துக்குக் கெடு வைக்க முடியாது. ஆனால் துக்கத்தில் இருப்பவர் பேரன் வந்தால் கொஞ்சமாவது மலர்வார், சீரியலில் வில்லியைத் திட்டுவார். மாதக்கணக்கில் எதற்குமே முகம் அசையவில்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார், "இருந்து என்ன பண்ணப் போறேன், உங்களுக்குப் பாரம்" என்று அடிக்கடி சொல்கிறார் என்றால் அது மனச்சோர்வு, மருந்தும் பேச்சும் கேட்கும். அந்த வாக்கியத்தை "சும்மா சொல்றாங்க" என்று கடந்துவிடாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில், டெலி மானஸ் என்பார்கள், தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது.

இன்னொன்று, ஒருவர் போன பிறகுதான் மற்றவர் எவ்வளவு தளர்ந்திருந்தார் என்பதே தெரியவரும். அப்பாதான் மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பார், கணக்குப் பார்த்திருப்பார், நமக்குத் தெரியாது.

பணம் விஷயத்தில் எதைப் பார்ப்பது?

ஒரே பில்லை இரண்டு தடவை கட்டுவது, ஏடிஎம் அட்டையின் பின்னாலேயே பின் நம்பரை எழுதிவைப்பது, புதிதாக ஒரு "நல்ல பையன்" பேங்க் வேலையெல்லாம் பார்த்துக்கொடுப்பது. போலீஸ் என்று வீடியோ காலில் வந்து டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டினால் அப்படியொரு கைதே சட்டத்தில் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் பேச வேண்டும், எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்.

டிவிஎஸ் 50யை விடமாட்டேன் என்கிறார்.

பின்னால் உட்கார்ந்து ஒருநாள் ஐந்து ரோடு வரை போய்ப் பாருங்கள். வண்டியில் புதுக் கீறல், சிக்னலில் தாமதம், ராத்திரி எதிர்வெளிச்சத்தில் தடுமாற்றம், இதில் இரண்டு இருந்தால் கண்ணைக் காட்டுங்கள், பாதிக்குப் பாதி கண்புரைதான். 55 வயதுக்கு மேல் லைசென்சை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும், அந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிடாதீர்கள். நாம் சாவியைப் பிடுங்குவதைவிட டாக்டர் "வேண்டாங்க ஐயா" என்பது நல்லது.

ஏற்காட்டில் தனியாக இருக்கிறார், கீழே வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அத்தை கதையைச் சொல்கிறேன். நாகலூர்ப் பக்கம் வீடு, நாலு மிளகுக் கொடி, கொஞ்சம் காப்பிச் செடி. ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் தவறாமல் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிடுவார். இரண்டு வருடம் வரவில்லை. "இருபது வளைவு, பஸ்ஸுல வாந்தி வருது கண்ணு." எலுமிச்சம்பழமும் வாந்தி மாத்திரையும் வாங்கிப் போனேன். வேண்டாம் என்றார். காரே அனுப்புகிறேன் என்றேன், அதுவும் வேண்டாம். அறுபது வருடம் அந்த வளைவுகளில் ஏறி இறங்கியவருக்கு இப்போது என்ன வாந்தி என்று எனக்கு உறுத்தியது.

ஒரு தடவை போனபோது வெளியே நல்ல வெயில், ஆனால் பாவாடைகள் உள்ளே அடுப்பு மேல் கொடியில் காய்ந்தன. தலையணைக்கடியில் பழைய புடவையைக் கிழித்து மடித்த துணி அடுக்கியிருந்தது. அவர் முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் நானும் மிளகைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சிரிச்சாக்கூட வந்துடுது கண்ணு" என்றார். கீழே இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் இறங்க இடமில்லை, பஸ்ஸில் நனைந்துவிட்டால் மானம் போகுமே என்று இரண்டு வருடம் அம்மனையே விட்டுவிட்டார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறார், அதனால் மலச்சிக்கல், தொற்று எல்லாம் கூடவே. பெண் டாக்டரிடம் காட்டினோம், கர்ப்பப்பை இறங்கியிருந்தது, சுகரும் ஏறியிருந்தது. இரண்டையும் பார்த்துச் சரிசெய்தார்கள். அடுத்த ஆடிக்கு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

கீழே வரமாட்டேன் என்பதற்குப் பின்னால் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லை, அந்த இடம்தான் பிடித்திருக்கிறது என்றால் அங்கேயே இருக்க ஏற்பாடு செய்யுங்கள். தினமும் பால் ஊற்றுகிறவரிடமோ பக்கத்து வீட்டிலோ உங்கள் நம்பரைக் கொடுத்து, கதவு திறக்காவிட்டால் கூப்பிடச் சொல்லுங்கள், மழையில் டவர் போய்விட்டால் நம் போனால் பயனில்லை. மார்கழிக் குளிரில் கரி கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது, அந்தப் புகையில் வாசனையில்லாமலே ஆளைக் கொல்லும் வாயு உண்டு. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, நெஞ்சுவலி வரலாறு உள்ளவரைத் தனியாக மேலே விடுவதை மட்டும் நன்றாக யோசியுங்கள்.

எனக்கு ஒன்றுமில்லை என்கிறார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது பஞ்சாயத்து வைக்காதீர்கள். மருமகன் முன்னால், பேரப்பிள்ளைகள் முன்னால் "உன்னால முடியல" என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஒரு வருடத்துக்கு ஒன்றும் நடக்காது. கை வேலையாக இருக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். "மாத்திரை எண்ணிக்கை இடிக்குதே, என்னன்னு பார்ப்போமா" என்றால் பதில் வரும். "நீ சரியில்ல" என்றால் வராது. முடிந்தால் உங்கள் கவலையாகவே சொல்லுங்கள், "எனக்கு ராத்திரி தூக்கம் வரல, எனக்காக ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடு" என்பது பெரும்பாலும் பலிக்கும்.

எங்கம்மா வேலைக்கு ஆளே வேண்டாம் என்றார். மாடியில் குடியிருப்பவர்களின் பெண்ணுக்குத் தினமும் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னோம், சரி என்றார். அந்தப் பெண் வரும்போது கடைக்கும் போய்வந்துவிடுகிறது, மாத்திரை டப்பாவையும் பார்த்துவிடுகிறது.

சேலத்தில் யாரிடம் காட்டுவது? நேரே நரம்பு டாக்டரிடமா?

வேண்டாம். முதலில் பொது மருத்துவர், கூடவே கண், காது, பல். ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், கிட்னி, தைராய்டு, பி12, சிறுநீர், இதெல்லாம் பார்த்த பிறகு தேவையென்றால் அவரே அனுப்புவார். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காலையிலேயே போனால் ஓபியில் எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில். சென்னை போக முடிந்தவர்களுக்கு 2024இல் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, 200 படுக்கை. எங்கே போனாலும் என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் பெரியவர் கம்பீரமாகி "நல்லா இருக்கேங்க" என்றுவிடுவார்.

ஆள் போடலாமா, நம்மோடு கூட்டிக்கொண்டு வரலாமா?

எந்த வேலை நின்றிருக்கிறதோ அந்த வேலைக்கு மட்டும் துணை கொடுங்கள். சமையல்தான் முடியவில்லை என்றால் சமைக்க ஆள் போதும், ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியவில்லை என்றால் 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு பெங்களூர் பிளாட்டின் ஏழாவது மாடியில் உட்காரவைத்தால் மிச்சமிருப்பதையும் மறந்துவிடுவார். ஆனால் அடுப்பை எரியவிட்டுப் போவது, வழி தெரியாமல் அலைவது, ராத்திரி விழுவது இருந்தால் தனியாக விடக் கூடாது, அங்கே தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

பார்த்துக்கொள்வதும் ஒரே ஆள் தலையில் விழுகிறது, பெரும்பாலும் மருமகளோ கல்யாணமாகாத மகளோ. மாதம் பணம் அனுப்புகிற அண்ணன்மார்கள் வருடத்தில் பத்து நாள் வந்து அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும், அப்புறம் ஆலோசனை சொல்லலாம். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார், அதனால் சொல்கிறேன்.

வீட்டை எழுதிக் கொடுத்தால் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் ஒருவன்.

அவசரப்பட்டு எழுதாதீர்கள். எழுதினால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், நிபந்தனையை மீறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு, வக்கீல் தேவையில்லை. வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

எதற்கெல்லாம் யோசிக்காமல் 108?

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, "காலையில பார்க்கலாம்" என்பது இங்கே கிடையாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எழுப்பினால் எழாதது, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாதது, இவையும்.

இதைப் படித்துவிட்டு எங்கம்மா "என்னை வேவு பார்க்கிறியா" என்று கோபித்துக்கொண்டார்.

எங்கம்மாவும்தான். இப்போதெல்லாம் நான் வருகிறேன் என்று தெரிந்தாலே முந்தின நாள் ராத்திரியே காலண்டரைச் சரியாகக் கிழித்து வைத்துவிடுகிறார். போன வாரம் ஆர்வத்தில் ஒருநாள் கூடுதலாகவே கிழித்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சமையலறைக்குப் போய் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன்.